காலரைப் பார்த்து முடிச்சைத் தேர்ந்தெடுங்கள்: நான்கு டை முடிச்சுகளின் ஒப்பீடு

சிங்கப்பூரில் டை கட்டுவது அன்றாட வழக்கமாக இருந்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. ராஃபிள்ஸ் பிளேஸிலும் தஞ்சோங் பகாரிலும் காலை வேளையில் அலுவலகத்துக்கு நடப்பவர்களைப் பார்த்தால், முழுக்கைச் சட்டையின் மேல்பொத்தானைத் திறந்துவிட்டுச் செல்பவர்களே அதிகம். ஆனாலும் வேலை நேர்காணல், நீதிமன்றம், திருமண வரவேற்பு விருந்து, பட்டமளிப்பு விழா, பள்ளி மேடை என்று டை தேவைப்படும் தருணங்கள் எஞ்சியிருக்கின்றன. அவை அரிதாக வருவதாலேயே குழப்பம் கூடுகிறது. "என் மகனுக்குத் திங்கட்கிழமை நேர்காணல். முழு வின்ட்சர் போட்டால்தானே மதிப்பாக இருக்கும்?" என்று ஒரு தாய் கேட்கிறார். "அண்ணே, மாப்பிள்ளைக்கு எந்த முடிச்சு எடுப்பாக இருக்கும்?" என்று ஓர் இளைஞர் கேட்கிறார். இருவரிடமும் நான் திருப்பிக் கேட்பது, சட்டையின் காலர் எப்படிப்பட்டது என்பதைத்தான்.

முடிச்சுகளுக்குப் பஞ்சமில்லை. 1999இல் கேம்பிரிட்ஜின் கேவெண்டிஷ் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் ஃபிங்க், யோங் மாவ் என்ற இரு இயற்பியலாளர்கள், ஒன்பது அசைவுகளுக்குள் கட்டக்கூடிய முடிச்சுகள் 85 என்று 'நேச்சர்' ஆய்விதழில் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2015இல் வெளிவந்த மற்றொரு கணித ஆய்வு, விதிகளைத் தளர்த்தி அந்த எண்ணிக்கையை 266,682 வரை கொண்டுசென்றது. நடைமுறைக்கு ஃபோர் இன் ஹேண்ட், அரை வின்ட்சர், முழு வின்ட்சர், பிராட் ஆகிய நான்கு போதும். இவற்றுள்ளும் பெரும்பாலோர் இரண்டைக் கற்றாலே வாழ்நாள் முழுவதும் சமாளிக்கலாம் என்பது என் கருத்து. அந்த இரண்டில் முழு வின்ட்சர் இல்லை. அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் காலர். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, காலரின் இரு முனைகளுக்கும் நடுவே தெரியும் முக்கோண இடைவெளியைப் பாருங்கள். முடிச்சு அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். ஆனால் காலரைத் தூக்கவோ பக்கவாட்டில் தள்ளவோ கூடாது. முனைகள் நெருங்கிக் கீழ்நோக்கி நிற்கும் குறுகிய காலரில் பெரிய முடிச்சைத் திணித்தால், முனைகள் சட்டையின் மார்பில் படியாமல் எழும்பி நிற்கும். முனைகள் தோள்பக்கமாக விலகிச் செல்லும் விரிந்த காலரில் சிறிய முடிச்சைப் போட்டால், அதன் இருபுறமும் டையின் கழுத்துச் சுற்று வெளியே எட்டிப் பார்க்கும். இவ்விரண்டில் எது நேர்ந்தாலும் டை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை. காலர் முனைகளில் சிறு பொத்தான் வைத்துத் தைத்த சட்டைகள், பெரிய முடிச்சை அறவே ஏற்காத வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது, டைத் துணியின் தடிமன். அச்சிட்ட மெல்லிய பட்டிலும் பாலியெஸ்டரிலும் சிறிதாக விழும் முடிச்சு, அழுத்தமாக நெய்த பட்டிலும் கம்பளியிலும் இயல்பாகவே பருத்துவிடும். ஆகவே ஒரு முடிச்சு பெரியது, சிறியது என்று துணியைப் பார்க்காமல் சொல்வதில் பொருளில்லை.

மூன்றாவது, நீளம். கடைகளில் கிடைக்கும் வழக்கமான டையின் நீளம் 145 முதல் 150 செ.மீ. வரை இருக்கும். கட்டி முடித்தபின் அகல முனையின் நுனி இடைவாரின் பூட்டைத் தொட வேண்டும். முடிச்சில் கூடும் ஒவ்வொரு சுற்றும் அந்த நீளத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. உயரமானவர்களுக்கும் கழுத்து பருத்தவர்களுக்கும் இதனால் நுனி வயிற்றுக்கு மேலேயே நின்றுவிடும். உயரம் குறைந்தவர்களுக்கோ மிஞ்சும் நீளத்தை அடக்கிக்கொள்ள இதுவே வழியாகிறது.

முகம் வட்டமா நீளமா என்று பார்த்து முடிச்சைத் தேர்ந்தெடுக்கச் சொல்வோரும் உண்டு. அதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. கழுத்தின் நீளம் அதைவிட முக்கியம்: குட்டைக் கழுத்துக்குக் கீழே பெரிய முடிச்சு வந்தால், தலை நேரடியாக முடிச்சின் மேல் வைத்தாற்போல் தெரியும்.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய இரண்டு. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் இடத்தில், கழுத்தைச் சுற்றித் துணி அதிகமாகக் குவிந்தால் வியர்வையும் அதிகமாகக் குவியும். பலர் பெருவிரைவு ரயிலில் டையைப் பையில் வைத்துக்கொண்டு பயணம் செய்து, இறங்கியபின் கழிவறைக் கண்ணாடியின் முன் அவசரமாகக் கட்டுகிறார்கள். ஆண்டில் சில நாள்களே கட்டுபவருக்கு, பயிற்சி இல்லாமலும் கைக்கு நினைவிருக்கும் முடிச்சே நல்ல முடிச்சு. அழகு, பெயர் எல்லாவற்றுக்கும் மேலாக இந்த நினைவாற்றல் கணக்கை நான் வைக்கிறேன்.

கீழே இடம், வலம் என்று குறிப்பிடுவன எல்லாம் அணிபவரின் இடமும் வலமும்தான். காணொளியில் எதிரே நிற்பவரைப் பார்த்துக் கற்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் பக்கம் மாற்றிக்கொள்ளலாம், முடிச்சு மாறாது.

## ஃபோர் இன் ஹேண்ட்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலிருந்து வந்த இந்த முடிச்சே இன்றும் உலகில் மிகப் பரவலாகக் கட்டப்படுவனவற்றுள் ஒன்று. அகல முனை வலப்பக்கத்தில், குறுகிய முனையைவிட ஏறத்தாழ 30 செ.மீ. தாழ்வாகத் தொங்கட்டும். அதைக் குறுகிய முனையின் மேலாக இடப்பக்கம் கொண்டுசென்று, அடியில் வளைத்து வலப்பக்கம் எடுத்து, மறுபடியும் மேலாக இடப்பக்கம் சுற்றி, கழுத்துச் சுற்றின் உள்ளிருந்து மேலே வாங்கி, முன்பக்கம் உருவான வளையத்துக்குள் கீழே இறக்கினால் வேலை முடிந்தது. மேலே, அடியில், மேலே, உள்ளே, கீழே என்று ஐந்து சொற்களில் அடங்கிவிடுவதால், ஓராண்டு கழித்துக் கட்டினாலும் கை தடுமாறுவதில்லை.

இது சற்றே ஒருபக்கம் சாய்ந்த, ஒல்லியான, நீண்ட முடிச்சு. அந்தச் சாய்வைப் பலர் கவனக்குறைவாகக் கருதி, இரண்டு மூன்று முறை அவிழ்த்துக் கட்டிப் பார்க்கிறார்கள். அது பிழையன்று, முடிச்சின் அமைப்பே அப்படித்தான். முடிச்சுக்குக் கீழே துணியின் நடுவில் விழும் சிறு குழி இதில்தான் எளிதாக அமைகிறது: கடைசியாக இறுக்கும்போது ஆள்காட்டி விரலை வளையத்துக்குக் கீழே துணியின் நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தால் போதும். தடித்த நெசவுப் பட்டு, கம்பளி, பின்னல் டை ஆகியவற்றுக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். வேறு எதைக் கட்டினாலும் கழுத்தில் ஒரு பந்து தொங்கும்.

குறைகளும் உண்டு. விரிந்த காலரில் இது தோற்றுவிடும். வழுவழுப்பான மெல்லிய பாலியெஸ்டர் டையில் முடிச்சு மிகச் சிறிதாகி, மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுந்தபின் மெல்லத் தளர்ந்து இறங்கிவிடும். அப்படிப்பட்ட டையே கையில் இருந்தால், முதல் சுற்றை ஒருமுறை கூடுதலாகச் சுற்றிக் கட்டுவது ஓரளவு உதவும்.

## அரை வின்ட்சர்

இரண்டாவதாகக் கற்க வேண்டியது இது. அகல முனையை மேலாக இடப்பக்கமும் அடியாக வலப்பக்கமும் கொண்டுசெல்வது வரை முன்னதைப் போன்றதே. பிறகு அதை முன்பக்கமாகத் தூக்கி, கழுத்துச் சுற்றின் மேலிருந்து உள்ளே இறக்கி இடப்பக்கம் எடுக்க வேண்டும். அங்கிருந்து முன்பக்கமாக வலப்பக்கம் குறுக்கே கொண்டுசென்று, கழுத்துச் சுற்றின் உள்ளிருந்து மேலே வாங்கி, முன்வளையத்துக்குள் இறக்க வேண்டும்.

கழுத்துச் சுற்றின் ஒருபக்கத்தை மட்டும் இப்படி ஒருமுறை அணைத்துக்கொள்வதால் முடிச்சு ஏறத்தாழச் சமச்சீரான முக்கோணமாக அமைகிறது. எளிதில் இறங்குவதும் இல்லை. மெல்லிய பட்டு, பாலியெஸ்டர், நடுத்தர அகலத் திறப்புள்ள காலர் என்ற சேர்க்கைக்கு இது மிகப் பொருத்தம். கடைகளில் விற்கும் ஆயத்தச் சட்டைகளில் பெரும்பகுதி அந்த நடுத்தரக் காலர் கொண்டவையே.

பலர் கவனிக்காத செலவு, நடுவழியில் ஏற்படும் முறுக்கம். அகல முனையைக் கழுத்துச் சுற்றுக்குள் இறக்கும்போது துணி மடிந்து சுருண்டுவிட்டால், முடிச்சின் ஒரு தோள் பருத்தும் மறு தோள் மெலிந்தும் நிற்கும். கடைசியில் இழுத்துச் சரிசெய்ய முடியாது. ஒவ்வோர் அசைவுக்கும் பிறகு துணியை விரலால் தட்டையாக நீவிக்கொள்வதே மருந்து. அவசரத்தில் கட்டுபவர்கள் செய்யத் தவறுவதும் அதுவே.

## முழு வின்ட்சர்

நம்மவர்களிடையே இதற்கு இருக்கும் மதிப்பு, இதன் பயனைவிடப் பெரியது. 1936இல் அரியணையைத் துறந்து வின்ட்சர் கோமகனான எட்டாம் எட்வர்டின் பெயரை இது தாங்கி நிற்பதால், உயர்ந்தோர் கட்டும் முடிச்சு என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அவரோ இதைக் கட்டியவரல்லர். உள்ளே தடித்த துணி வைத்துத் தைத்த டைகளைச் சாதாரண முடிச்சாகக் கட்டியே அந்த அகலத்தைப் பெற்றார். அவரைப் போலத் தோன்ற விரும்பியவர்கள், மெல்லிய டையில் அதே பருமனைக் கொண்டுவரும் வழியாக இரட்டைச் சுற்று முடிச்சை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

கட்டும் முறையில், அகல முனை கழுத்துச் சுற்றின் இரு பக்கங்களையும் தனித்தனியே அணைக்கிறது. மேலாக இடப்பக்கம் வந்தபின் உள்ளிருந்து மேலே வாங்கி வலப்பக்கம் இறக்குவது ஓர் அணைப்பு. அங்கிருந்து அடியாக இடப்பக்கம் சென்று, முன்பக்கமாகத் தூக்கிக் கழுத்துச் சுற்றுக்குள் இறக்கி வலப்பக்கம் எடுப்பது இரண்டாவது. பிறகு முன்பக்கமாக இடப்பக்கம் குறுக்கே சுற்றி, உள்ளிருந்து மேலே வாங்கி, வளையத்துக்குள் இறக்குவது முடிவு.

பயன் என்று பார்த்தால், நான்கிலும் அசையாமல் நிற்பது இதுவே. முற்றிலும் சமச்சீரானது. மிக விரிந்த காலரை இது மட்டுமே முழுமையாக நிரப்பும்.

செலவுப் பக்கம் நீளமானது. நீளத்தை மிக அதிகமாக விழுங்குவதால், உயரமானவர்கள் தனியே நீள டை வாங்க வேண்டியிருக்கும். அகலம் குறைந்த, ஐந்து ஆறு செ.மீ. அளவிலான ஒல்லி டையில் கட்டினால், முடிச்சு டையைவிட அகலமாகத் தெரியும். கழுத்தடியில் பல அடுக்குத் துணி சேர்வதால் நம் வெயிலில் முதலில் நனைவது அந்த இடம்தான். நனைந்த பட்டில் நீர்க்கறை படிந்தால் எளிதில் போகாது. பருத்த முடிச்சைக் கச்சிதமாகக் காட்டுவதற்காக அளவுக்கு மீறி இறுக்கும் பழக்கமும் இதனுடன் வருகிறது. இறுக்கமான டை கண்ணழுத்தத்தை உயர்த்தக்கூடும் என்று 2003இல் ஒரு கண் மருத்துவ ஆய்வு வெளியானது. அந்த ஆய்வு எந்த முடிச்சையும் குற்றம் சாட்டவில்லை என்றாலும், காலருக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும் என்பதை எந்த முடிச்சுக்கும் விதியாகக் கொள்வது நல்லது.

## பிராட்

1989இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கத்தில் செய்தியான முடிச்சு இது. மினியாபொலிஸ் தொலைக்காட்சிச் செய்தியாளர் டான் ஷெல்பி திரையில் இதைக் கட்டிவந்ததால் அவர் பெயராலும், அவருக்குக் கற்றுக்கொடுத்த முதியவர் ஜெரி பிராட்டின் பெயராலும் அழைக்கப்படுகிறது. டையின் தையல் பக்கம் வெளியே தெரியும்படி கழுத்தில் போட்டு, அகல முனையைக் குறுகிய முனையின் அடியாக இடப்பக்கம் கொண்டுசென்று, முன்பக்கமாகத் தூக்கிக் கழுத்துச் சுற்றுக்குள் இறக்கி, மீண்டும் இடப்பக்கமே எடுத்து இறுக்க வேண்டும். பிறகு முன்பக்கமாக வலப்பக்கம் சுற்றி, உள்ளிருந்து மேலே வாங்கி, வளையத்துக்குள் இறக்கினால் முடிந்தது.

அரை வின்ட்சருக்கு நெருக்கமான தோற்றத்தைக் குறைந்த நீளத்தில் தருவதுதான் இதன் சிறப்பு. உயரமான ஒருவருக்கு நடுத்தரக் காலரும் வழக்கமான டையும் மட்டுமே இருந்தால், நான் முதலில் சொல்வது பிராட்டைத்தான். ஒரு குறை: கட்டி முடித்தபின் குறுகிய முனையின் தையல் பக்கம் முன்னோக்கி நிற்கும். அகல முனை காற்றில் விலகினால் அது தெரிந்துவிடும் என்பதால், பின்புறத்திலுள்ள சிறு வளையத்துக்குள் குறுகிய முனையைச் செருகிவிட வேண்டும்.

| முடிச்சு | பருமன் | சமச்சீர் | விழுங்கும் நீளம் | ஏற்ற காலர் |
|---|---|---|---|---|
| ஃபோர் இன் ஹேண்ட் | சிறியது | சற்றே சாய்ந்தது | குறைவு | குறுகியது, பொத்தான் வைத்தது |
| பிராட் | நடுத்தரம் | ஏறத்தாழ முழுமை | குறைவு முதல் நடுத்தரம் | நடுத்தரம் |
| அரை வின்ட்சர் | நடுத்தரம் | ஏறத்தாழ முழுமை | நடுத்தரம் | நடுத்தரம், சற்றே விரிந்தது |
| முழு வின்ட்சர் | பெரியது | முழுமை | மிக அதிகம் | மிக விரிந்தது |

## எந்த நாளுக்கு எது

நேர்காணலுக்குச் செல்பவர், புதிதாக எதையும் முந்தைய இரவு கற்றுக்கொள்ள முயலக் கூடாது. நடுத்தரக் காலராக இருந்து, அரை வின்ட்சர் கைக்குப் பழகியிருந்தால் அதையே கட்டலாம். இல்லையென்றால் ஃபோர் இன் ஹேண்ட் எந்த அலுவலகத்திலும் குறைவாக மதிக்கப்படாது. எதிரே அமர்ந்திருப்பவர் கவனிப்பது மேல்பொத்தான் போடப்பட்டிருக்கிறதா, முடிச்சு காலரோடு ஒட்டி நிற்கிறதா என்பதைத்தான். இணையத்தில் பரவியிருக்கும் எல்ட்ரெட்ஜ் போன்ற பின்னல் முடிச்சுகள் அன்றைக்கு வேண்டாம். பேச்சைவிட முடிச்சு கவனத்தை இழுத்துவிடும்.

நீதிமன்றத்தில் முன்னிலையாகும் இளம் வழக்கறிஞர்கள் வெள்ளை முழுக்கைச் சட்டையும் அடக்கமான நிற டையும் அணிகிறார்கள். கோப்புகளின் மேல் குனிந்து நிமிர்ந்து நாள் முழுவதும் கழிப்பவர்களுக்கு, இறங்காமல் நிற்கும் அரை வின்ட்சர் நல்லது; டை தடித்த நெசவாக இருந்தால் சிறிய முடிச்சே போதும்.

திருமணம் தனிக் கதை. காலையில் கோயிலில் பட்டு வேட்டியுடன் முகூர்த்தம் முடித்து, மாலையில் கோட்டு சூட்டுடன் வரவேற்பு மேடையில் நிற்கும் மாப்பிள்ளைக்கு, நிழற்படங்களில் பல ஆண்டுகளுக்கு நிற்கப்போகும் தோற்றம் அது. குளிரூட்டப்பட்ட மண்டபம் என்பதால் வியர்வைக் கவலை குறைவு. வரிசையாக வந்து கட்டித் தழுவும் உறவினர்களால் டை இழுபடும் கவலை அதிகம். சூட்டுக்கென்று தைத்த சட்டையில் மிக விரிந்த காலர் வைத்திருந்து, டை மெல்லிய பட்டாகவும் போதிய நீளமாகவும் இருந்தால், முழு வின்ட்சர் தன் இடத்தைக் கண்டுகொள்வது இந்த மாலையில்தான். அந்தக் காலர் இல்லாமல் முடிச்சை மட்டும் பெரிதாக்குவதில் பயனில்லை. தையற்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுக்கும் நாளிலேயே எந்த முடிச்சு என்று முடிவுசெய்து சொல்லிவிட்டால், காலரை அதற்கேற்ப வெட்டித் தருவார். தோழனாக நிற்கும் நண்பர்கள் எல்லாரும் ஒரே முடிச்சில் இருக்க வேண்டும் என்றால், ஒருவரே அனைவருக்கும் கட்டிவிடுவது மேல்.

விவாதப் போட்டிக்கோ பரிசளிப்பு விழாவுக்கோ பெரியவர்களின் டையைக் கட்டிக்கொள்ளும் சிறுவர்களுக்கு மேற்சொன்ன நீளக் கணக்கு தலைகீழாக மாறுகிறது. ஃபோர் இன் ஹேண்ட் கட்டினால் நுனி இடைவாருக்குக் கீழே நீண்டு தொங்கும். அரை வின்ட்சர், தேவைப்பட்டால் முழு வின்ட்சர், மிச்சத்தை முடிச்சுக்குள் அடக்கிவிடும்.

முடிச்சு ஆயத்தமாகவே இருக்கும் கொக்கி டை, ஜிப் டை ஆகியவற்றை நான் தாழ்வாக எண்ணுவதில்லை. இயந்திரங்களின் அருகே நிற்பவர்களுக்கும் கைகலப்பை எதிர்கொள்ள நேரும் பாதுகாவலர்களுக்கும், யாராவது இழுத்தால் கையோடு கழன்றுவரும் கொக்கி டையே பாதுகாப்பானது. ஜிப் டைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, ஏனெனில் அதன் சுற்று கழுத்தில் முழுமையாக நிற்கும். முடிச்சின் பருமனைக் காலருக்கு ஏற்ப மாற்ற முடியாது என்பது இரண்டுக்கும் பொதுவான குறை.

## வாங்கும்போதும் அவிழ்க்கும்போதும்

இன்றைய டை முடிச்சின் சுருக்கத்திலிருந்து மீண்டு பழைய வடிவத்துக்கு வருவதற்குக் காரணம், 1920களில் நியூயார்க்கைச் சேர்ந்த ஜெஸி லாங்ஸ்டார்ஃப் வழக்கத்துக்குக் கொண்டுவந்த வெட்டு முறை. துணியின் ஊடுக்கும் பாவுக்கும் 45 பாகை சாய்வாக வெட்டி, மூன்று துண்டுகளாக இணைத்துத் தைப்பதால் துணி இழுபட்டாலும் திரும்பி வருகிறது. சிராங்கூன் சாலைக் கடைகளில் சில வெள்ளிக்கு வாங்கினாலும் சரி, பெரிய கடைத்தொகுதியில் வாங்கினாலும் சரி, டையின் நடுப்பகுதியை விரலில் தொங்கவிட்டுப் பாருங்கள். தானாக முறுக்கிக்கொண்டு திரும்பினால் சாய்வு சரியாக வெட்டப்படவில்லை. எந்த முடிச்சும் அதில் நேராக அமையாது.

அவிழ்க்கும்போது குறுகிய முனையைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவுவது டையின் உள்துணியைக் குலைக்கும். முழு வின்ட்சரில் இந்தச் சேதம் கூடுதல். முடிச்சைத் தளர்த்தி, கட்டிய வரிசையைத் தலைகீழாகச் செய்து பிரிக்க வேண்டும். மறுநாள் கட்டும் தொல்லை வேண்டாம் என்று முடிச்சோடு தலைவழியே கழற்றி மாட்டி வைப்பவர்கள், சில வாரங்களில் நிரந்தரமான மடிப்பைத்தான் சம்பாதிக்கிறார்கள். வியர்வையிலோ மழையிலோ நனைந்த டையைச் சுருட்டிப் பையில் போடாமல், காற்றுப்படத் தொங்கவிட்டு முழுதும் காய்ந்தபின் குறுகிய முனையிலிருந்து தளர்வாகச் சுருட்டி இழுப்பறையில் வைக்கலாம். மேலே நேரடியாக இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் ஓரங்கள் தட்டையாகிவிடும். குளியலறையில் நீராவி நிறைந்திருக்கும்போது சற்று நேரம் தொங்கவிடுவதே சிறு சுருக்கங்களுக்குப் போதுமானது.